தாத்தாவின் பழைய 486 கம்ப்யூட்டரை எப்படி இயக்கக் கற்றுக்கொள்வது?

கேட்டிருப்பது இதுதான்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் தாத்தா வீட்டு கராஜில் ஒரு 486 பெட்டி (1990-களின் தொடக்கத்து பிசி) பல வருடமாகத் துணி போர்த்திக் கிடந்திருக்கிறது. மானிட்டரும் கீபோர்டும் இருக்கின்றன. தாத்தா ஒரு தமிழ்ச் சபையின் செயலாளராக இருந்தவர். பேரனுக்கு டாஸ் (கட்டளை தட்டி இயக்கும் அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம்) தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, முதலில் சுவிட்சைப் போடாதீர்கள். ஏற்கெனவே ப்ளக்கைச் சொருகியிருந்தால் பிடுங்கிவிட்டு இதைப் படியுங்கள். "லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் போட்டால் போதுமே, இந்தக் குப்பை எதற்கு" என்று யாராவது வந்து சொல்வார்கள். டாஸ்பாக்ஸ் என்பது லேப்டாப்பிலேயே டாஸை ஓட்டிக் காட்டும் மென்பொருள். விளையாடிப் பார்க்க மட்டும் என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தாத்தாவின் ஹார்டு டிஸ்க்கில் இருப்பது டாஸ்பாக்ஸில் வராது. அந்தப் பெட்டியில் விலைமதிப்புள்ளது டிஸ்க் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் இன்றும் மாற்று கிடைக்கும். அதனால் இயக்கக் கற்றுக்கொள்வதும் டிஸ்க்கைக் காப்பாற்றுவதும் ஒரே வேலை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பெட்டியின் பின்பக்கம், கெட்டில் வயர் மாதிரியான பவர் வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னச் சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். அதில் 230 என்று தெரிய வேண்டும். 115 என்று இருந்தால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தள்ளி மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். 115 நிலையில் உள்ளே இருக்கும் சர்க்யூட் வரும் வோல்டேஜை இரட்டிப்பாக்கும். 200 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட பெரிய கப்பாசிட்டர் ஒவ்வொன்றிலும் 325 வோல்ட் ஏறும். பட்டாசுச் சத்தத்தோடு வெடிக்கும்.

அடுத்து மூடியைக் கழற்றுங்கள். டர்பன் கடற்கரை ஈரத்தில் கிடந்த பெட்டிக்குள் தூசியும் கரப்பான் முட்டையும் இருப்பது சாதாரணம். பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி வெளியே எடுங்கள். பிறகு மதர்போர்டில், கீபோர்டு சொருகும் வட்டத் துளைக்குப் பக்கத்தில் பாருங்கள். நீல நிறத்தில் உருளையாக, சுண்டுவிரல் கனத்தில் ஒரு பாட்டரி இருக்கும். 3.6 வோல்ட், நிக்கல் காட்மியம். 486 போர்டுகளைக் கொல்வதில் முதல் எதிரி இதுதான். வயதானால் காரத் திரவம் கசியும். சுற்றிலும் பச்சையும் நீலமுமாகப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் கசிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காரம் செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும், கீபோர்டு சிப் வரைக்கும் எட்டும். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று வரும் பழைய போர்டுகளில் நான் முதலில் பார்ப்பது இந்த மூலையைத்தான்.

கசிந்திருந்தாலும் கசியாவிட்டாலும் அந்த பாட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். இதில் பேச்சே கிடையாது. கசிந்த இடத்தில் வெள்ளை வினிகரைக் காதுகுடையும் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் டிஸ்டில்ட் வாட்டரால் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். பார்மசியில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கக்கூடும். காய்ந்த பிறகு மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, கறுத்த கோடு ஒவ்வொன்றின் இரு முனையையும் தொட்டுப் பாருங்கள். அறுந்திருந்தால் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைக்கலாம்.

புது பாட்டரி போடும்போது ஒரு பொறி இருக்கிறது. பழைய பாட்டரி இருந்த இடத்திலேயே சிஆர் 2032 நாணய பாட்டரியை வைத்துப் பற்றவைக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. போர்டு அந்த இடத்துக்குச் சார்ஜ் அனுப்பும். சார்ஜ் ஏற்றக் கூடாத பாட்டரி அது, வீங்கிவிடும். அதைத்தான் வைக்க வேண்டும் என்றால் நடுவில் ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம்) சேர்த்தே ஆக வேண்டும். அதைவிடச் சுலபமானது, பெரும்பாலான போர்டுகளில் வெளி பாட்டரிக்கென்றே நான்கு பின் இருக்கும். அங்கே மூன்று பென்சில் பாட்டரி கொண்ட டப்பாவை டயோடோடு இணைத்து, டப்பாவைப் போர்டைவிட்டுத் தள்ளிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். இனி கசிந்தாலும் போர்டு பிழைக்கும்.

அடுத்தது பவர் சப்ளை. இந்தக் காலத்துப் பெட்டிகளில் முன்பக்க சுவிட்சுக்கு வருவது நேரடி 230 வோல்ட். நான்கு கனத்த வயர்கள், சுவிட்ச் முனையில் உறை கழன்றிருந்தால் ஆளைக் கொல்லும். ப்ளக் சொருகியிருக்கும்போது பெட்டிக்குள் கை கூடாது. சப்ளையின் தகரப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும். சில சப்ளைகளில் மஞ்சள் கண்ணாடி மாதிரி உறை கொண்ட காகிதக் கப்பாசிட்டர் ஒன்று உண்டு. உறையில் விரிசல் விட்டு ஈரம் குடித்துக் கிடக்கும். சுவிட்சைப் போட்ட சில நிமிடத்தில் நாற்றத்தோடு புகை கக்கும். வீட்டு டீபி போர்டில் (ப்ரேக்கர்கள் இருக்கும் பெட்டி) எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சப்ளையைத்தான். எர்த் பின்னைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது போர்டையும் டிஸ்க்கையும் இணைக்காதீர்கள். ஆனால் சும்மாவும் ஓட்டக் கூடாது, சுமை இல்லாவிட்டால் இந்தச் சப்ளைகள் சரியான வோல்டேஜ் தராது. காரின் பிரேக் லைட் பல்ப், 12 வோல்ட் 21 வாட், ஒன்றை எடுத்து சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவில் கட்டுங்கள். மங்கலாக எரியும், அது போதும். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை இருந்தால் நல்லது. சிவப்பு 5.25-ஐத் தாண்டினால் அந்தச் சப்ளையைப் போர்டு பக்கமே கொண்டுபோகாதீர்கள். போர்டுக்குப் போகும் இரண்டு நீள ப்ளக்குகளையும் சொருகும்போது கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு போய்விடும்.

இப்போது டிஸ்க் இல்லாமல், வீடியோ கார்டு, மெமரி, கீபோர்டு மட்டும் வைத்து ஓட்டுங்கள். கார்டுகளின் தங்க விளிம்பைப் பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் தேய்த்துத் துடைத்துச் சொருகுங்கள், உப்புக் காற்றில் கறுத்துப் போயிருக்கும். திரை கறுப்பாக இருந்து பீப் சத்தம் மட்டும் வந்தால் பாதிக்கு மேல் இதில்தான் தீரும். மெமரி 30 பின் குச்சிகள் என்றால் 486-க்கு நான்கு நான்காகத்தான் போட வேண்டும், மூன்று போட்டால் எழும்பாது. 72 பின் என்றால் ஒன்றே போதும். மானிட்டர் பழைய கண்ணாடிக் குழாய் வகை என்றால் அதன் முதுகை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். 15 பின் விஜிஏ வயர் ஏற்கும் தட்டை மானிட்டரும் பெரும்பாலும் வேலை செய்யும்.

கீபோர்டு விஷயத்தில் பலர் ஏமாறுவது ப்ளக்கின் வடிவத்தால். 486-க்கு முந்தைய எக்ஸ்டி காலத்துக் கீபோர்டுக்கும் 486 ஏற்கும் ஏடி கீபோர்டுக்கும் ஒரே வட்ட ப்ளக், மொழி வேறு. கீபோர்டைக் கவிழ்த்துப் பாருங்கள், எக்ஸ், ஏ என்று சின்ன சுவிட்ச் இருந்தால் ஏ பக்கம் தள்ளுங்கள். சின்ன வட்ட ப்ளக் கொண்ட பிஎஸ்-2 கீபோர்டு கிடைத்தால் அடாப்டர் போட்டுச் சொருகலாம்.

திரையில் மெமரி எண்ணி முடித்ததும் செக்சம் எரர் என்று வரும். பாட்டரி எடுத்ததால் வருவது, பயப்பட வேண்டாம். டெலீட் கீயை அழுத்தி உள்ளே போனால் தேதி, ஃப்ளாப்பி வகை, டிஸ்க் விவரம் எல்லாம் கொடுக்கலாம்.

இது வரை சரி என்றால் அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, டிஸ்க்கை இணையுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். அந்தக் காலத்து டிஸ்க்குக்குச் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்களை நாமே சொல்ல வேண்டும். டிஸ்க்கின் மேல் லேபிளில் அச்சாகியிருக்கும். மூன்றையும் பெருக்கி 512-ஆல் பெருக்கினால் கொள்ளளவு வரும். 1024, 16, 63 என்பதுதான் பழைய பயாஸின் (பெட்டியை எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) உச்ச வரம்பு, ஏறத்தாழ 528 மெகாபைட். தாத்தா கொடுத்திருந்த எண்களும் நீங்கள் கொடுக்கும் எண்களும் ஒத்துப்போகாவிட்டால் டிஸ்க் காலியாகத் தெரியும், அல்லது ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று வரும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், எண்தான் தவறு. அந்த நேரத்தில் டிஸ்க்கைப் புதிதாகப் பிரித்து அழிக்கும் எஃப்டிஸ்க், ஃபார்மேட் கட்டளைகளைப் போட்டால் எல்லாம் போச்சு. பழைய பெட்டியைப் பார்க்கச் சொல்லிக் கடையில் கொடுத்தால், "உள்ளே ஒன்றுமில்லை, ஃபார்மேட் பண்ணிவிட்டோம்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கிறார்கள். கல்யாணப் பதிவேடும் கூட்டக் குறிப்பும் அப்படி அழிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஆட்டோ டிடெக்ட் இருந்தால் அது காட்டும் நார்மல், லார்ஜ், எல்பிஏ (செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் அழைக்கும் முறை) மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் படிக்க மட்டும் முயலுங்கள். எழுதும் கட்டளை எதுவும் வேண்டாம்.

டிஸ்க் சுழன்று, கட்டளைக்குக் காத்திருக்கும் சி ப்ராம்ப்ட் வந்ததும் அன்றைக்கே நகல் எடுங்கள். யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி லேப்டாப்பில் எடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். 1990-களின் தொடக்கத்து டிஸ்க்குகளில் பலவற்றுக்கு எல்பிஏ தெரியாது, அந்த அடாப்டர்களுக்கோ எல்பிஏ மட்டும்தான் தெரியும். அதனால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டையும், அதை டிஸ்க் வயரில் மாட்டும் ஐடிஇ அடாப்டரையும் வாங்கி, அதே பெட்டியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டுங்கள். ஜம்பரில் (பின்களில் சொருகும் சின்ன மூடி) பழைய டிஸ்க் மாஸ்டர், அதாவது முதலாவது; கார்டு ஸ்லேவ், அதாவது இரண்டாவது. டாஸில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிகாபைட்டைத் தாண்டாது, அதனால் பெரிய கார்டு வீண். கார்டை மட்டும் ஃபார்மேட் செய்யுங்கள். டிரைவ் எழுத்தை ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள், கார்டு டி என்று இருக்க வேண்டும். பிறகு எக்ஸ்காப்பி கட்டளையை ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் இ சேர்த்துக் கொடுத்தால் கோப்புறைகளோடு வந்துவிடும்.

நகல் எடுத்த பிறகு டாஸ் கற்பது சிரமமே இல்லை. டிர் போட்டால் பட்டியல், நீளமானால் டிர் ஸ்லாஷ் பி (/P). சிடி போட்டால் கோப்புறை மாறும். டைப் போட்டால் கோப்பைப் படிக்கலாம், எடிட் போட்டால் திருத்தலாம். வின் என்று தட்டினால் விண்டோஸ் 3.1 இருந்தால் வரும். தொடக்கத்தில் ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ் என்று தெரியும்போது எஃப்8 அழுத்தினால், பதிப்பு 6 என்றால், ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு ஏற்றும். எது எதற்கு என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. அணைக்கும்போது விண்டோஸை விட்டு வெளியே வந்து, டிஸ்க் விளக்கு அணையும் வரை பொறுத்து சுவிட்சை அணையுங்கள். லோட் ஷெடிங் அட்டவணை வந்தால் முன்கூட்டியே அணைத்து ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் திரும்பி வரும்போது பாயும் வேகம்தான் பழைய சப்ளையைக் கொல்வது. மல்டிப்ளக்கில் இருக்கும் சர்ஜ் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

சபைக் கோப்புகள் பற்றி ஒன்று. அவர் விண்டோஸில் தமிழ் தட்டியிருந்தால் அது யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்த எழுத்துரு. கோப்பை மட்டும் எடுத்து லேப்டாப்பில் திறந்தால் அர்த்தமில்லாத ரோமன் எழுத்தாகக் கொட்டும். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம் என்ற கோப்புறையில் டிடிஎஃப் என்று முடியும் எழுத்துருக் கோப்புகள் அத்தனையையும் சேர்த்து எடுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால்தான் யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியும். பெயர் தெரியாத எழுத்துரு என்றால் ஒரு பக்கத்தை அந்தப் பெட்டியிலேயே திறந்து திரையைப் படமெடுத்து வையுங்கள், எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று அதைப் பார்த்து ஒப்பிடலாம். தேருக்கும் பந்தலுக்கும் வசூல் செய்யும் சபைகள் தங்கள் பழைய குறிப்புகளை ஒருவரை வைத்து மாற்ற ஏன் முன்வருவதில்லை என்று எனக்கு ஆற்றாமை உண்டு. 1860-இல் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் இங்கே வந்தவர்களின் வரலாற்றை மேடையில் பேசுகிறோம், 1993-இல் தட்டிய கூட்டக் குறிப்பைக் கராஜில் மக்க விடுகிறோம்.

போர்டின் பெயர் தெரியாவிட்டால், மெமரி எண்ணும்போது பாஸ் கீயை அழுத்துங்கள், திரை நிற்கும். கீழ் ஓரத்தில் நீளமாக ஓர் எண் வரிசை இருக்கும். அதைப் படமெடுத்து இங்கே போடுங்கள். பாட்டரிக்கான நான்கு பின் எங்கே, எந்த ஜம்பரை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.