மைனஸ் முப்பதில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள சாக்ஸ்-ஜிம் சதுப்புக்காட்டுக்கு இரண்டு ஜனவரி மாதங்களில் போய்வந்தேன். அதைக் கேள்விப்பட்டு, தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கத்து நண்பர்கள் கேட்டவையும், என் பதில்களும்.

சாட்ஸ்வொர்த் அக்கா: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகலாமா? தைப்பூசக் காவடிக்குள் திரும்பிவிட வேண்டும்.

தாராளமாகப் போகலாம் அக்கா. நமக்குக் கோடை விடுமுறை, அங்கே நடுக்குளிர். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அதை முதலில் பாருங்கள். டுலூத் நகரில் தங்கினால் காரில் ஒரு மணி நேரம்தான். எட்டு மணிக்குச் சற்று முன்தான் விடியும், ஐந்துக்குள் இருட்டிவிடும். அதனால் இருட்டிலேயே கிளம்பிவிடுங்கள்.

வெருலம் தம்பி: அங்கே குளிர்காலத்தில் தென்படும் பெரிய சாம்பல் ஆந்தை கண்டிப்பாகப் பார்க்கக் கிடைக்குமா அண்ணா?

கண்டிப்பாக என்று யாராலும் சொல்ல முடியாது தம்பி. வடக்கே வோல் என்ற காட்டெலிகள் குறைந்துபோன வருஷங்களில் ஆந்தைகள் பசியோடு தெற்கே இறங்கும். 2004-05 குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் மினசோட்டாவுக்கு வந்தன. மற்ற வருஷங்களில் ஒன்றிரண்டைப் பார்த்தாலே பெரிய விஷயம்.

எனக்கு மூன்றாம் நாள் காலையில்தான் கிடைத்தது. சாலையோரம் கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி பனித்தரையை நோக்கித் தலையைத் திருப்பிக்கொண்டது. அது கண்ணால் தேடவில்லை, காதால் தேடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது. வட்டமான முகம் ஒலியைத் திரட்டி அவற்றுக்குள் அனுப்பும். அரை மீட்டர் பனிக்கு அடியில் எலி நகர்ந்தாலும் இடம் தெரிந்துவிடும். திடீரென்று சத்தமே இல்லாமல் பறந்துவந்து பனிக்குள் விழுந்தது. எழுந்தபோது காலில் எலி இருந்தது. அது போன பிறகு பார்த்தால், பனியில் ஒரு குழியும் இருபுறமும் இறகுகளின் அச்சும், விரல் வைத்து எண்ணலாம் போல, அவ்வளவு தெளிவு.

நம் க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் பார்க்கிறோமே பெரிய கழுகாந்தை, அதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் எடை ஏறக்குறைய ஒரு கிலோதான். மீதியெல்லாம் இறகு.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர்: படம் எடுக்க, கடையில் எலி வாங்கிப் போட்டு ஆந்தையை வரவழைப்பார்களாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். மனிதனும் காரும் இருந்தால் சாப்பாடு உண்டு என்று ஆந்தை பழகிவிட்டால், சாலையைச் சுற்றியே தாழப் பறந்து வண்டியில் அடிபடும். ஒரு படத்துக்காக அந்த உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

டொங்காட் அம்மா: அந்தக் குளிரில் சின்னக் குருவிகள் எப்படிப் பிழைக்கின்றன?

எனக்கும் அதுதான் பெரிய ஆச்சரியம் அம்மா. சிக்கடி என்ற குருவி 12 கிராம் இருந்தால் அதிகம். ராத்திரி உடல் வெப்பத்தைச் சுமார் 10 டிகிரி குறைத்துக்கொண்டு, பஞ்சு உருண்டை மாதிரி சிலிர்த்துத் தூங்கும். பகல் முழுக்கத் தின்றால்தான் அந்த ஒரு ராத்திரியைத் தாண்ட முடியும். கனடா ஜே என்ற பறவை கோடையிலேயே தீனியை எச்சிலால் மரப்பட்டையில் ஒட்டிச் சேமித்துவிடும். அங்கத்திய காட்டுக்கோழி ஒன்று மெத்தென்ற பனிக்குள் பாய்ந்து, உள்ளேயே படுத்துக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறேன், கிட்டே போய் எதையும் பயந்து பறக்க வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை பறப்பதும் அதற்குச் செலவு.

இன்னொருவர்: கேமரா, உடுப்பு பற்றிச் சொல்லுங்கள்.

பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உறைய வைத்துவிடும். உள்ளே கம்பளி போடுங்கள். உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள். அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பைக்குள் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். ஃபிளாஸ்க்கில் சூடான ரசம் எடுத்துப் போங்கள். என்னைக் காப்பாற்றியது அதுதான்.

சாட்ஸ்வொர்த் அக்கா மறுபடியும்: நம் டர்பன் பக்கத்து மவுண்ட் மோர்லாண்டில் சாயங்காலம் கூட்டமாக இறங்கும் தகைவிலான்கள் அங்கிருந்து வருபவையா?

இல்லை அக்கா, அமெரிக்கத் தகைவிலான்கள் தென் அமெரிக்காவுக்குப் போய்விடும். நம் நாணலில் இறங்குபவை ஐரோப்பாப் பக்கத்திலிருந்து வருகின்றன. நீங்கள் கிளம்பும் முன் ஒரு சாயங்காலம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், தடித்த கையுறை போட்டபடியே பைனாகுலரைத் திருகிப் பழகச் சொல்லுங்கள். பனியில் போய்ப் பழக நேரமிருக்காது.