ஆல்டோ பாடுகிறவள் எழுதிய கடிதம்

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஊர், தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). சண்டே ஸ்கூல், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, முதல் திருவிருந்துக்கு முன் நடக்கிற திடப்படுத்தல், கொயரில் ஆல்டோ (பெண்களின் தாழ்குரல்) என்று கோயிலுக்குள்ளேயே வளர்ந்தவள். இப்போது சென்னையில் வேலை. நான்கு வருடமாக ஒரு பெண்ணோடு வாழ்கிறேன், வீட்டில் ரூம்மேட் என்றுதான் சொல்லியிருந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். மறுநாளே உபவாச ஜெபம். ஓர் ஊழியக்காரர் தலையில் கை வைத்து இரண்டு மணி நேரம் பிசாசை விரட்டினார். எதுவும் போகவில்லை, அழுது அழுது எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதற்கப்புறம் ஆராதனைக்குப் போனால் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. திருவிருந்துக்கு எழுந்து போகக் கால் வரவில்லை, அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பங்கு பெற்றுவிடுவேனோ என்று பயம். அவளை விடுவதா, விசுவாசத்தை விடுவதா? அவள் இந்துப் பெண். "நீ உள்ளே போய்ட்டு வா, நான் கோயில் கேட் பக்கத்துல நிக்கிறேன்" என்கிறாள்.
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த கேட்டுக்கு வெளியே நிற்கிற பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல். ஒன்றரை மணி நேர ஆராதனை, சென்னை வெயில், அதுவும் தன்னைப் பிசாசின் வேலை என்று சொன்ன கூட்டத்துக்காக. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் அப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி. ஜெபம் பண்ணினால் இது மாறிவிடும் என்று அமெரிக்காவில் 1976-இல் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்று ஓர் ஊழியமே தொடங்கினார்கள். சின்ன ஊழியமில்லை, பல நாடுகளில் கிளை இருந்தது. 37 வருடம் நடத்தியபின் 2013-இல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸே மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடையை மூடினார். தன்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்று அதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். முழுநேர வேலையாக 37 வருடம் செய்தவர்களுக்கே நடக்காதது உங்கள் வீட்டு ஹாலில் ஒரு மத்தியானத்தில் நடக்கவில்லை என்றால், அது உன் விசுவாசக் குறைவு இல்லை. நான் ஜெபத்தைக் கேலி செய்யவில்லை. ஜெபத்தால் உயிர் பிழைத்தவள் நான். ஆனால் ஒருத்தியின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் காதுக்குள் கத்துவதை ஜெபம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, அபாத்திரமாய் என்ற சொல்லுக்கு வருவோம். உன்னைப் படுத்துகிறது இதுதான் என்று நினைக்கிறேன். திடப்படுத்தல் வகுப்பில் நம் எல்லாருக்கும் அந்தச் சொல்லால் வயிற்றைக் கலக்கிவிட்டுத்தான் அனுப்புவார்கள். முதல் திருவிருந்துக்கு முந்தின இரவு தூங்காமல், தம்பியின் பென்சிலை எடுத்ததுவரை எல்லாப் பாவத்தையும் நோட்டில் எழுதினவள் நான். ஆனால் 1 கொரிந்தியர் 11-ஐ மேலிருந்து ஒருமுறை வாசித்துப் பார். பவுல் யாரைத் திட்டுகிறார்? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வெறி என்றால் குடிவெறி. அந்தப் பந்தியில் கூடப்பிறந்தவனைப் பட்டினி போட்டதுதான் அங்கே அபாத்திரம். அதற்கப்புறம் என்ன சொல்கிறார், எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறார். தன்னைத்தானே. சபைக் கமிட்டி சோதித்து, ஊழியக்காரர் சோதித்து, பின் வரிசை அத்தை சோதித்து அனுப்பச் சொல்லவில்லை. நீ உன்னைச் சோதித்துப் பார்த்தாய், அதனால்தான் இந்தக் கடிதம். எழுந்து போ. அந்த அப்பம் நல்லவர்களுக்குக் கொடுக்கிற பரிசு இல்லையே.

மற்ற வசனங்களையும் வீசுவார்கள், அதனால் சொல்கிறேன். சோதோமின் அக்கிரமம் என்னவென்று எசேக்கியேல் 16:49 தானே பட்டியல் போடுகிறது: கெர்வம், ஆகாரத்திரட்சி (சாப்பாட்டு மிகுதி), சிறுமையும் எளிமையுமானவனுடைய கையைப் பலப்படுத்தாதது. இதை வைத்து யாரும் கன்வென்ஷனில் பேசி நான் கேட்டதில்லை, பேசினால் முன்வரிசை நாற்காலிகள் காலியாகிவிடும். 1 கொரிந்தியர் 6:9-இல் மலாகோய் என்று ஒரு கிரேக்கச் சொல், நேர்ப்பொருள் மெத்தென்று இருப்பவர்கள். நம் பழைய தமிழ் வேதாகமம் அதைச் சுயபுணர்ச்சிக்காரர் என்று போட்டது. 1946-இல் வந்த ஒரு பெயர் பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு அதையும் அடுத்த சொல்லையும் சேர்த்துத் தன்பாலீர்ப்பாளர் என்று போட்டது. ஒரே சொல், ஊருக்கு ஒரு குற்றவாளி. அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுக்கிறாரே எத்தியோப்பிய மந்திரி, அவர் மூலமொழியில் அண்ணகன், விதையடிக்கப்பட்டவர். மோசேயின் சட்டப்படி சபைக்குள் வரக்கூடாதவர். நம் தமிழில் மந்திரி என்று மட்டும் போட்டுவிட்டதால் அத்தனை வருடம் சண்டே ஸ்கூலில் எனக்கு அது தெரியவே இல்லை. "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று அவர் கேட்பதற்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று இப்போது பார். பிலிப்பு தடைகளை எண்ணிக்கொண்டு நிற்கவில்லை, தண்ணீரில் இறங்கினார்.

இதையெல்லாம் சொன்னால் உன் அம்மா மாறிவிடுவார் என்று சொல்ல மாட்டேன். வசனத்துக்கு வசனம் என்று சாப்பாட்டு மேசையில் மோதாதே, யாரும் ஜெயிக்க மாட்டீர்கள், குழம்பு ஆறிப்போவதுதான் மிச்சம். ரோமர் முதல் அதிகாரமும் லேவியராகமமும் இருக்கின்றன, அவற்றை வேறு விதமாக வாசிக்கிற நேர்மையான விசுவாசிகளும் இருக்கிறார்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்களிலேயே சிலர் தனியாக வாழ்வதுதான் தங்களுக்கு வந்த அழைப்பு என்று முடிவெடுக்கிறார்கள். அதைத் தானே எடுத்தால் நான் மதிக்கிறேன். உன் கழுத்தில் அதை இன்னொருவர் மாட்ட வருவதைத்தான் மதிக்க முடியாது.

எங்கள் ஊரில் இரண்டு டீச்சரம்மாக்கள் இருந்தார்கள். ஒருவர் கணக்கு, ஒருவர் தையல். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில். ஒரே குடையில் கோயிலுக்கு வருவார்கள், கோயில் விருந்தான அசனத்துக்கு இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரே கவரில் காணிக்கை. அவர்கள் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஊரும் கேட்டதில்லை, பெயர் வைக்காதவரை ஊருக்குப் பிரச்சினையும் இல்லை. கணக்கு டீச்சர் இறந்தபோது வெளியூரிலிருந்து வந்த தம்பி பிள்ளைகள் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். தையல் டீச்சர் ஐந்தாவது வரிசையில், எங்களோடு. அடுத்த ஞாயிறும் அவர் வந்தார், குடையை விரித்துக்கொண்டு தனியாக. பாமாலைப் புத்தகத்தைத் திறந்து முழுக்கப் பாடினார். எப்படிப் பாட முடிந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவர் ஞாபகமாகவே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன். இந்தச் சபையில் குரல் வரவில்லை என்றால் உன்னை யாருக்கும் தெரியாத பெரிய கோயில் ஒன்றுக்கு, காலை ஏழு மணி ஆராதனைக்குப் போ. கடைசி வரிசையில் உட்கார், ஆனால் ஆல்டோ பாடு. பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார், பார்க்கட்டும். வீட்டில் சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசி, அது ஆறுதல் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். கோபமாக ஜெபம் பண்ணலாம். யாக்கோபு விடியும்வரை மல்லுக்கட்டி, "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்றான், நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான், ஆசீர்வாதத்தோடும் போனான். 1968 அக்டோபரில் ட்ராய் பெர்ரி என்ற போதகர், தன்பாலீர்ப்புக்காகத் தன் சபை அவரை வெளியே தள்ளியபின், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் தன் வீட்டு ஹாலில் முதல் ஆராதனை நடத்தினார். வந்தவர்கள் 12 பேர். அதுதான் பல நாடுகளுக்குப் போன மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச். உனக்குப் 12 பேர் கூட வேண்டாம், உன்னைத் தெரிந்து உன்னோடு ஜெபிக்கிற இரண்டு பேர் போதும். அவர்களைத் தேடு, அவசரப்படாமல்.

உங்கள் சபைப் போதகர் உங்கள் இருவரையும் நிற்கவைத்து ஆசீர்வதிப்பார் என்று காத்திருக்காதே. இப்போதைக்கு நடக்காது. பொய் ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

வரன் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள், நீ எழுதாவிட்டாலும் தெரியும். அம்மாவின் கண்ணீருக்காகத் தலையாட்டிவிடாதே, அங்கே ஒரு பையன் இருக்கிறான், அவன் வாழ்க்கையும் போகும். வீட்டில் அடைத்துவைப்பேன் என்று மிரட்டினால் இதைத் தெரிந்துவைத்துக்கொள். 2018 செப்டம்பர் 6-லிருந்து வயது வந்த இருவரின் விருப்பமான உறவு குற்றமில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டபின் தீர்ப்பு எழுதினார். மாற்றுகிறேன் என்று சிகிச்சை தருவதை அதில் தடை செய்தார், 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்றது. கல்யாண உரிமை கிடைக்கவில்லை, 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் கல்யாணம் ஒன்றுதான் குடும்பமாவதற்கு வழி என்றில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதுவும் வீட்டார் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணின் வழக்கில்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு முடிந்ததும் எனக்கு இரண்டு வரி எழுது. அவளுக்கு ஒரு குடை வாங்கிக் கொடு.

கேள்வி: என் மகன் பெங்களூரில் இருக்கிறான், ஆண்களைத்தான் பிடிக்கும் என்று போனில் சொல்லிவிட்டான். நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கேட்கலாமா? பனிமய மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் மாறுமா?
- ஒரு தகப்பன், தூத்துக்குடி

பதில்: ஐயா, அவனிடம் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள், சாமியாரிடமும். அவன் உங்களை நம்பிச் சொன்னது. உங்கள் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அந்த உறவைத் தவறு என்றுதான் சொல்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அதே ஏடு இவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக்கூடாது என்றும் சொல்கிறது, அந்தப் பாதியை ஊரில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. 2013-இல் போப் பிரான்சிஸ், கடவுளைத் தேடுகிற ஒருவனைத் தீர்ப்பிட நான் யார் என்று கேட்டார். 2023 டிசம்பரில் இப்படிப்பட்ட ஜோடிகள் வந்து கேட்டால், திருமணச் சடங்கு போல ஆக்காமல், குருக்கள் ஆசீர்வதிக்கலாம் என்று வத்திக்கானே அனுமதித்தது.

நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார். அவன் மாற வேண்டும் என்றில்லாமல், அந்த ஊரில் தனியாகக் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளுங்கள். ஜூலை 26 மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வரச் சொல்லி இன்று இரவே போன் பண்ணுங்கள். யாரையாவது கூட்டி வருவதாக இருந்தால் மாடி அறையைச் சுத்தம் பண்ணி வைக்கிறேன் என்றும் சொல்லுங்கள்.