சூடேறாத ரேடியேட்டர்

கேள்வி: மான்செஸ்டரில் படிக்கும் என் மகளின் அறையில், வெந்நீரால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மட்டும் சில்லென்று கிடக்கிறது. வால்வை உச்ச அளவான 5-இல் வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: நம் ஊர் வெயிலில் வளர்ந்த பிள்ளை, பாவம்! கோடை முழுக்க மூடிக் கிடந்த வால்வில், உள்ளிருக்கும் சிறு ஊசி அமுங்கியபடியே சிக்கி, வெந்நீர் வரும் வழியை அடைத்திருக்கலாம். எண் போட்ட தலைப்பகுதியைக் கழற்றினால் ஊசி தெரியும். குறடின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அழுத்திவிட்டால், தானாகத் துள்ளி மேலே வரவேண்டும். பிடித்து இழுக்க மட்டும் கூடாது. ஊசி கையோடு வந்தால் வெந்நீர் பீய்ச்சியடிக்கும். மறுமுனை வால்வையும் தொடவேண்டாம். வீடு முழுக்கச் சூட்டைப் பங்கிடுவது அதுதான். வாடகை அறையென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லட்டும். சரியானபின் 3 போதும், ஏறத்தாழ 20 டிகிரி. அடுத்த கோடையில் வால்வை முழுதாகத் திறந்தே விடச் சொல்லுங்கள்.