ரியாக்ட்டுக்கு மாத்துனா வேகம் வந்துருமா?

கேள்வி: அண்ணே, கிருஷ்ணகிரில ஒரு மாங்கூழ் கம்பெனிக்கு வெப்சைட் பண்ணி குடுத்தேன், ஓப்பன் ஆகவே லேட்டாகுதுன்னு ஓனர் திட்றாரு. ஜேக்வரில (jQuery) எழுதுனது, ரியாக்ட்டுக்கு (React) மாத்திரலாமா? ரெண்டுமே வெப்சைட் எழுத உதவுற ரெடிமேட் கோடு தானே.
- வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. ஜேக்வரி 2006ல வந்தது, ரியாக்ட் 2013, ஆனா இங்க வயசு பிரச்சனையே இல்ல. முதல் பக்கத்துல பெங்களூரா மாங்கா போட்டோவ கேமராவுல எடுத்த சைஸ்லயே ஏத்தியிருப்பீங்க, பாதி சைட்டுக்கு இதான் வியாதி. அகலத்த 1200 பிக்சலுக்கு கொறைங்க, வெப்பி (WebP) ஃபார்மேட்ல சேவ் பண்ணுங்க, ஃபைல் சைஸ் கொறையும், கீழ வர்ற படத்துக்கெல்லாம் லோடிங் லேசி (loading="lazy") போடுங்க, கீழ நகத்தி கிட்ட வர்றப்பதான் படம் எறங்கும் (மேல இருக்கறதுக்கு போட்றாதீங்க, இன்னும் லேட்டாகும்), அப்பறம் ஆபீஸ் வைஃபைல பாக்காம பாலக்கோடு பஸ்ல போறப்ப ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன்ல தொறந்து பாருங்க. கூழ் வாங்க வர்றவருக்கு ரியாக்ட்டாவது ஒண்ணாவது, ரேட்டு கேக்க போன் நம்பர் சட்டுனு தெரியணும். அப்பவும் இழுத்தா ஹோஸ்டிங்க, அதாவது சைட்ட வெச்சிருக்கற சர்வர பாருங்க.