எண்ணெய் பூசியும் துப்பாக்கி துருப்பிடிப்பது ஏன்?

கேள்வி: மழையில் நனைந்த வேட்டைத் துப்பாக்கியை உடனே துடைத்து, எண்ணெய் பூசி, தோல் உறையில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது குழலில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. எங்கே தவறினேன்?

பதில்: எண்ணெய் பூசியதில் தவறில்லை, ஈரம் முற்றிலும் காயுமுன் பூசியதும், பிறகு உறைக்குள் அடைத்து வைத்ததுமே தவறு. குழலின் மேலுள்ள கருநீல நிறம், இரும்பின் மேற்பரப்பையே மேக்னடைட் என்னும் ஆக்சைடாக மாற்றிப் பெற்ற மிக மெல்லிய படலமாகும். அதன் நுண்துளைகளில் எண்ணெய் தங்கினால் காக்கும். நீர் முந்திக்கொண்டால் அதன்மேல் பூசும் எண்ணெய் ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடும். தோலோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதோடு, பதனிடும்போது சேர்ந்த உப்புகளையும் இரும்பின்மீது ஏற்றும். ஆகவே உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. அதில் நாட்கணக்கில் வைக்கவே கூடாது.

அடுத்த முறை நனைந்தால், தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, மரக்கட்டையையும் குழலையும் பிரித்துவிடுங்கள். மரமும் இரும்பும் ஒட்டும் இடத்தில் தேங்கும் நீர் வெளியே தெரியாது. நான் பார்த்த மோசமான துரு பெரும்பாலும் அங்கேதான் இருந்தது. நெருப்பருகே காட்டாமல், காற்றோட்டமான உலர்ந்த அறையில் ஓரிரவு காயவிட்டு, துணியில் சில சொட்டு எண்ணெய் விட்டு, மங்கிய பளபளப்பு மட்டும் எஞ்சும்படி துடைத்தால் போதும். அதன்பின் வெறுங்கையால் குழலைத் தொடாதீர்கள். வியர்வையின் உப்பில் விரல்ரேகை அப்படியே துருவாகப் பதிந்து நிற்பதைக் காணலாம்.

பெட்டகத்தில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். சிலிக்கா ஜெல் வைத்தால், அது ஈரம் குடித்து நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும்; பலர் மறந்துவிடுவது இதைத்தான். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவரும்போது மட்டும், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை மூடிய உறையிலேயே விடுங்கள். இல்லையேல் இரும்பின்மேல் பனித்துளி படியும்.

இப்போதுள்ள புள்ளிகளை எண்ணெயில் நனைத்த மிக மென்மையான ஸ்டீல் வூலால் (மெல்லிய எஃகு இழைகளாலான பஞ்சு), கருநீலப் படலம் தேயாதபடி மெல்லத் தேய்த்து எடுக்கலாம். குழலின் உட்புறத்தில் குழி விழுந்திருந்தால், தேர்ந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் சுடாதீர்கள். பழுதில்லாத குழலிலும், சுடுமுன் உலர்ந்த துணியை உள்ளே செலுத்தி எண்ணெயை எடுத்துவிட வேண்டும்.