ஹார்மோன் சிகிச்சைக்கு அஞ்ச வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. ஓராண்டாக மாதவிடாய் சில சமயம் 20 நாளிலேயே வருகிறது, சில சமயம் இரண்டு மாதம் தள்ளிப் போகிறது. வந்தால் கட்டி கட்டியாகப் படுகிறது. இரவில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை சூடு ஏறி, நைட்டி நனையும் அளவுக்கு வியர்த்து விழித்துக்கொள்கிறேன். ஹார்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று என் அக்கா தடுக்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகள் பெரிமெனோபாஸ் எனப்படும், மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய பருவத்துக்கு உரியவை. இப்பருவத்தில் சில மாதங்கள் கருமுட்டை வெளியேறாது. அதனால் பெண் ஹார்மோன்கள் இரண்டில் புரோஜெஸ்டிரோன் குறைய, ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் ஏறியும் மறுமாதம் இறங்கியும் நிலையில்லாமல் இருக்கும். ஏறும்போது கருப்பையின் உட்சவ்வு தடித்து மிகுதியாக உதிர்கிறது. இறங்கும்போது மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் தடுமாறி, நீங்கள் சொல்லும் சூடும் வியர்வையும் வருகின்றன. 45 வயதைக் கடந்தவருக்கு இதை உறுதிசெய்ய, கருமுட்டை வளர்ச்சியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. அந்த அளவு நாளுக்கு நாள் மாறக்கூடியது.

ஆனால் கட்டி கட்டியாகப் படுவதை, ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகளும் கருப்பை ஸ்கேனும் முதலில் முடியட்டும். உட்சவ்வு தடித்திருந்தால் அதிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கவும் நேரலாம். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போது ஹார்மோன் தொடங்கக் கூடாது.

உங்கள் அக்காவின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2002-இல் அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் போலச் செயல்படும் செயற்கை புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு எட்டுப் பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானது அதில் தெரிந்தது. அந்த எட்டுப் பேரை நான் சிறிதாகக் கருதவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும், அவர்கள் விழுங்கியது குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் என்பதும் செய்தியோடு சேர்ந்து நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கும் பெண்களில், தகுந்த காரணம் இருந்து தடை ஏதும் இல்லாதவர்களுக்கு நன்மையே மேலோங்கி நிற்கிறது என்பதே இன்றைய மருத்துவக் கருத்து.

மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியே செல்வதால் ரத்தம் உறையும் ஆபத்தைச் சற்றுக் கூட்டுகிறது. தோலில் தடவும் ஜெல்லுக்கும் ஒட்டும் பேட்ச்சுக்கும், வழக்கமான அளவில், அந்தக் குறை இல்லை. ஜெல்லைத் தொடையிலோ மேற்கையிலோ தடவி, நன்றாக உலர்ந்த பிறகு உடுத்த வேண்டும்; தடவிய இடம் குழந்தைகள் மேல் படக் கூடாது. கருப்பை இருக்கும் பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் உட்சவ்வு தடித்துப் புற்றுநோயாகலாம் என்பதால், புரோஜெஸ்டிரோனும் கட்டாயம் வேண்டும். மைக்ரோனைஸ்டு (நுண்துகளாக்கிய) புரோஜெஸ்டிரோன் மாத்திரை தூக்கம் வரவழைப்பதால் இரவில் எடுப்பது வழக்கம். பரிசோதனைகளில் வேறு கோளாறு இல்லையென்றால், லெவோனார்ஜெஸ்ட்ரல் என்னும் புரோஜெஸ்டின் கலந்த, கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தோடு ஜெல் என்ற ஏற்பாட்டையே நான் முதலில் பரிந்துரைப்பேன்; அந்தச் சாதனம் உதிரப்போக்கைக் குறைத்து, உட்சவ்வைக் காத்து, கருத்தரிப்பையும் தடுக்கிறது. ஹார்மோன் சிகிச்சை மட்டும் கருத்தடை ஆகாது. 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் எச்சரிக்கை தேவை.

மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவு, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஏதேனும் வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்குப் பின், அது திரும்பாமலிருக்கத் தமாக்சிஃபென் மாத்திரை எடுக்கும் என் தங்கைக்கு இதே சூடு வருகிறது. அவள் என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவருக்கு ஹார்மோன் பொதுவாகக் கொடுப்பதில்லை. வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற மருந்துகளும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் மனநலப் பயிற்சியும் சூட்டின் தொல்லையை ஓரளவு தணிக்கும். இதே தொல்லைக்குத் தரப்படும் பராக்சிடின், தமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுப்பதால் அவருக்கு ஏற்றதல்ல. சோயா மாத்திரைகளையோ மூலிகைப் பொடிகளையோ தாமாக வாங்கிச் சாப்பிடாமல், எதுவானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிய பிறகே அவர் எடுத்துக்கொள்ளட்டும்.