ஒரே திகதியில் ஏன் இத்தனை பெரிய சம்பவங்கள் நடக்கின்றன?

2003 டிசம்பர் 26இல் ஈரானின் பாம் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26இல், இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடியையும் கல்முனையையும் சுனாமிக் கடல் விழுங்கியது. "அந்தத் திகதியில் என்னவோ இருக்கு" என்று எங்கட பக்கத்தில் யாராவது கேட்டால் ஆச்சரியமில்லை.

இதைத் திகதிப் பொருத்தம் எனலாம்: வருடம் எதுவானாலும், மாதமும் நாளும் ஒன்றாக அமைவது. காரணம் எளிது. வரலாற்றுச் சம்பவங்களுக்குக் கணக்கில்லை, திகதிகளோ 366தான்.

மட்டக்களப்பு–கல்முனை பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். 23 பேர் ஏறினாலே, அதில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குமேல்! நம்ப முடியாது, ஆனால் 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 சோடிகள் வரும், அதுதான் சூட்சுமம். (உங்கள் பிறந்தநாளோடே இன்னொருவருக்குப் பொருந்துவது வேறு கதை, அது அரிது.)

வருடமும் சேர்ந்தே பொருந்துவதும் உண்டு. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் மறைந்த 1947 ஜூலை 19 அன்றுதான், பர்மாவில் அந்நாட்டு விடுதலைத் தலைவர் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

திகதிதான் அழிவைக் கொண்டுவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2004 சுனாமியைக் கிளப்பியபடி சுமாத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு வழுக்கிய அந்த நிமிடத்தில், அமெரிக்காவின் கலண்டரில் இன்னும் டிசம்பர் 25, நத்தார் நாள்.